காற்றுக்கு ஒரு கதவு

இந்தப் பூமியில் இதுவரை எந்த இயந்திரமும் எந்த மனிதனையும் தொட்டதில்லை. மனிதன்தான் வலியப் போய் இயந்திரத்தைத் தொட்டிருக்கிறான். ஆகவே விபத்து என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. பயந்தாங்கொள்ளிகள் மட்டும்தான் உண்டு.

இந்த உண்மையைக் கண்டுபிடித்து மனிதகுலத்துக்கு இலவசமாக வழங்கிக்கொண்டிருந்தவன் புலி. காலையில் டீ குடிக்கும்போது ஒரு தடவை, மாலையில் கை கழுவும்போது ஒரு தடவை வழங்குவான். அலமாரிக் கதவு செய்கிற அந்தப் பட்டறையில் இருந்தது அண்ணன், அண்ணி, அவன் ஆகிய மூன்றே பேர். எனவே மனிதகுலத்தில் இரண்டு பேருக்குத்தான் அது இதுவரை போய்ச் சேர்ந்திருந்தது. புலி என்பது அவனே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். வீட்டிலும் பட்டறையிலும் அப்படியேதான் கூப்பிட்டார்கள். அண்ணி மட்டும் பூனையைக் கூப்பிடுகிற தொனியில் கூப்பிடுவாள்.

பட்டறையின் நடுவில் மரம் குடைகிற மிஷின், ரவுட்டர். இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டது போல ஓர் இரும்பு மேடை. அதன் குறுக்கே முன்னும் பின்னும் ஓடுகிற ஒரு பாலம். பாலத்தில் தொங்குகிற மோட்டார். மோட்டாரின் நுனியில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு பிட். மேடையில் பலகையை வைத்து இறுக்கிவிட்டால், கம்ப்யூட்டரில் வரைந்த பூவையும் கொடியையும் பிட் பலகையில் அப்படியே குடைந்துவிடும். மிஷின் இவர்களிடம் வரும்போதே இரண்டு கை மாறியிருந்தது. பாலம் எங்கே போக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று அதற்கு உத்தரவு போடுகிற கன்ட்ரோலர் அதைவிட மூத்தது. சுவரோரம் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். கீபோர்டுக்கு மேலே தூசிக்குப் பயந்து சுற்றிய பாலிதீன் உறை. காலையில் அது ஒரே தடவையில் கண் விழிக்காது. பெட்டியின் விலாவில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். எந்த இடத்தில், எவ்வளவு பலமாக என்பது புலிக்கு மட்டுமே கைவந்த வித்தை. அண்ணன் தட்டினால் அது தட்டு. புலி தட்டினால் சிகிச்சை.

அண்ணனுக்கு வேறு வித்தை. எந்தக் கதவாக இருந்தாலும் முதலில் பிட்டைப் பலகைக்கு ஒரு சாண் மேலே தூக்கி வைத்து, முழுப் புரோகிராமையும் காற்றிலேயே ஓட்டிப் பார்ப்பார். பூ, கொடி, ஓரத்து வளைவு எல்லாம் காற்றில் வெட்டி முடிந்த பிறகுதான் பிட்டைக் கீழே இறக்குவார். அவ்வளவு நேரமும் அவருடைய வலது உள்ளங்கை மேடையின் ஓரத்தில் இருந்த சிவப்பு எமர்ஜென்சி பட்டன்மேல் இருக்கும். ஒரு தடவைகூட அமுக்கியதில்லை. நடுவில் அமுக்கினால் எந்த இடத்தில் விட்டோம் என்பது மிஷினுக்கு மறந்துபோகும், பலகை பாழ். அதனால் சும்மா வைத்திருப்பார், அவ்வளவுதான்.

"அண்ணே, காத்துக்குக் கதவு செஞ்சு யாருக்கு விக்கப் போறே?" என்பான் புலி.

"பலகை தப்பிச்சுதுன்னா சரிடா."

"அந்தப் பட்டனுக்கு என்ன, காய்ச்சலா? எந்நேரமும் தொட்டுப் பாத்துக்கிட்டே நிக்கிறே?"

அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு பலகையை எண்ணுவாள். அண்ணன் கையை எடுக்க மாட்டார்.

புலி மிஷின் ஓட்டுகிற நாட்களில் காற்றும் கிடையாது, கையும் கிடையாது. ஸ்டார்ட்டைத் தட்டிவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்பான், போருக்குப் படையை அனுப்பிவிட்டு நிற்கிற ராஜா மாதிரி.

அப்படி ஒரு நாள் மத்தியானம் ஒரு கதவு முடிந்தது. பாலம் மேடையின் கோடியில் போய் நின்றது. மோட்டார் முனகி அடங்கியது. புலி தூசி உறிஞ்சுகிற டஸ்ட் கலெக்டரை அணைத்தான். திரையில் 'தயார்' என்ற எழுத்து பச்சையாக நின்றது. அண்ணன் பின்பக்க அறையில் கதவுகளுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணி வழக்கம்போல மேடைக்குள் பாதி உடம்பை நீட்டிக் குனிந்து, பலகையின் நடுவில் கிடந்த தூளைத் துணியால் துடைத்தாள். பலகையை இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்ப்பைத் தளர்த்த ஸ்பானர் வேண்டும். துணியை அங்கேயே போட்டுவிட்டு ஸ்பானருக்காக நிமிர்ந்து இந்தப் பக்கம் திரும்பினாள்.

யாரும் எதையும் தொடவில்லை. மோட்டார் சுற்ற ஆரம்பித்தது.

பாலம் கிளம்பி வந்தது. அவசரப்படவில்லை, முடிந்துபோன கதவை மறுபடியும் முதலிலிருந்து வெட்டலாம் என்று அதற்குத் தோன்றியது போல நிதானமாக வந்து, பலகையின் நடுவில் நின்று, பிட்டை இறக்கியது. நேராகத் துணிமேல். துணி ஒரு சுற்றுச் சுற்றி மறைந்தது. பிட் அதை விழுங்கிக்கொண்டே அடுத்த பூவுக்குப் போனது. கருகல் நாற்றம். துணி மோட்டாரில் இறுகி, என்னவோ ஒடிகிற சத்தம் கேட்டு, எல்லாம் தானாக நின்றது.

எல்லாம் நின்ற பிறகுதான் அண்ணி "ஐயோ" என்றாள். அதுவும் மெதுவாக, ஏதோ சாமான் வாங்க மறந்துவிட்டவள் மாதிரி.

புலி பட்டனுக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தான். மோட்டார் சுற்ற ஆரம்பித்ததைப் பார்த்தான், பாலம் வந்ததைப் பார்த்தான், பட்டனையும் பார்த்தான். அந்த ஒரு சாண் தூரம் கடைசி வரைக்கும் ஒரு சாணாகவே இருந்தது. கை அவனுடையதுதான், தோளிலிருந்து தொங்கிக்கொண்டும் இருந்தது. போகச் சொன்னால் போகவில்லை.

சத்தம் கேட்டு அண்ணன் ஓடி வந்தார். துணி இருந்த இடத்தைப் பார்த்தார். அண்ணியின் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு இன்னொரு கையை.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. மிஷின் சோம்பல் முறிச்சுது." புலியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சோம்பலா?" அண்ணி தன் கையை இன்னும் கொழுந்தனுக்கு நேராக நீட்டியபடியே இருந்தாள். "இதுக்கு முந்தின மூச்சுல என் கை அங்கதானப்பா இருந்துச்சு. நீ ஏன் பட்டன அமுக்கல?"

"அதுவே நின்னுடும்னு எனக்குத் தெரியும் அண்ணி."

"தெரியுமா?"

"தெரியும்."

அவள் அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

அதன் பிறகு பட்டறையில் மூன்று பேரோடு நான்காவதாகப் பயமும் வேலைக்கு வர ஆரம்பித்தது. மற்ற மூவரையும்விட ஒழுங்காக வந்தது. மிஷினின் மெயின் சுவிட்சை அண்ணன் அணைத்துவிட்டார்; பிளக்கையும் பிடுங்கி, வயரைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். அப்படியும் யாரும் அதற்கு முதுகைக் காட்டவில்லை. அண்ணி அந்தப் பக்கம் போனால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு போனாள், வாத்தியார் அறைக்குள் நுழைகிற பிள்ளை மாதிரி. பக்கத்துக் கடையில் எவனாவது டிரில்லிங் மிஷினைப் போட்டால் அண்ணன் கையிலிருந்த உப்புத்தாள் கீழே விழும்.

புலி பயப்படவில்லை. உண்மையைச் சொன்னால், உடம்புக்கு நடை நல்லது என்பதால் மட்டும் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவே போகாமல், பின்வாசல் வழியாகத் தெருவுக்கு இறங்கி, கட்டடத்தைச் சுற்றி முன்வாசலில் ஏறி, டப்பாவிலிருந்து ஆணி எடுத்து வந்தான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் தட்டில் அண்ணி பரிமாறுகிற கை தெரியும். அதில் ஐந்து விரல் இருக்கிறதா என்று கண் தானாக எண்ணும். எண்ணிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பான்.

"கன்ட்ரோலர மாத்திடுவோம்" என்றார் அண்ணன் ஒரு நாள் சாப்பிடும்போது. "மிஷின் இரும்பு, அதுக்கு ஒண்ணுமில்ல. மூளைதான் கலங்கிப்போச்சு. புதுப் பெட்டி வச்சா சரியாயிடும்."

"எதுக்கு?" புலி எகிறினான். "ஒரு தடவ தும்மினதுக்கு தலையவே மாத்துவியா? பழசுக்கு நம்மளத் தெரியும்ணே. நமக்கும் அதைத் தெரியும்."

அண்ணன் தாடையைச் சொறிந்தார். அவருக்கும் உள்ளூர நடுக்கம்தான். "அதுவும் சரிதான். பழசு எங்க கடிக்கும்னாவது தெரியும். புதுசு எங்கேர்ந்து பாயும்னே தெரியாது."

"எங்க கடிக்கும்னு முன்னாடியே தெரியும்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க" என்றாள் அண்ணி. "நான் அந்தப் பக்கம் துடைக்காம இருந்திருப்பேன்."

அண்ணன் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

"பழசே இருக்கட்டும், புதுசே வரட்டும்" என்று அவள் எழுந்தாள். "ஆனா இனிமே அந்த மேடைக்குள்ள கைய நீட்டப் போறது நான். அத யாரும் மறந்துடாதீங்க."

புது கன்ட்ரோலர் விற்கிறவர் வந்தார். பட்டறையில் அவருக்கு உடனே 'பெட்டிக்காரர்' என்று பெயர் விழுந்தது. தோளில் ஒரு பை, வாயில் எதையோ மென்றுகொண்டே இருந்தார். தகரப் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தார். உள்ளே இருந்த வயர்கள் குடும்பச் சண்டை போட்டு ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக் கிடந்தன.

"அது ஏங்க தானா கிளம்பிச்சு?" என்று அண்ணன் கேட்டார்.

"வயசாயிடுச்சுல்ல. தூக்கத்துல பேசுது."

"மறுபடியும் பேசுமா?"

"பேசலாம். பேசாமலும் இருக்கலாம்." மென்றார். "நாளைக்கே பேசலாம்."

"புதுசு பேசாதுல்ல?"

"புதுசு வேற. ஆனா மாட்டின முதல் நாள் எந்த மோட்டார் எந்தப் பக்கம் சுத்தும்னு எனக்கே தெரியாது. வலதுக்குப் போன்னா இடதுக்குப் போகும். மேல ஏறுன்னா கீழ இறங்கும். அப்புறம் ஒவ்வொண்ணா சரி பண்ணிக்கலாம்."

அண்ணன் மெதுவாக ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். புலிக்கு அது அல்வா. "கேட்டுக்கிட்டியாண்ணே? இதுக்குத்தான் சொன்னேன். நம்மகிட்ட என்ன குறை? அவசரம்னா பட்டன் இருக்கு. ஒரு அமுக்கு, ஒரே நிப்பு."

"அமுக்கிப் பாத்திருக்கியா?" என்றாள் அண்ணி.

"எதை?"

"அதத்தான். பட்டன."

புலி அண்ணனைப் பார்த்தான். அண்ணன் பட்டனைப் பார்த்தார். பெட்டிக்காரர் மெல்வதை நிறுத்தினார்.

"யாரும் அமுக்கினதே இல்லையா?" என்றார்.

"கைய வச்சிருப்போம்" என்றார் அண்ணன். "எப்பவும் வச்சிருப்போம்."

பிளக்கைச் செருகினார்கள். மேடையில் பலகை கிடையாது, மோட்டாரில் பிட் கிடையாது. ஆபத்து என்று சொல்ல எதுவுமே இல்லை. அப்படியிருந்தும் பாலம் அசைந்த உடனே அண்ணி ஓரடி பின்னால் போனாள். பெட்டிக்காரர் ஒரு பெரிய கதவின் புரோகிராமைக் காற்றில் ஓடவிட்டார். நீளமான கொடி ஒன்றைப் பாலம் வளைந்து வளைந்து வரைந்துகொண்டிருந்தபோது, "இப்ப அமுக்குங்க" என்றார்.

மார்பை நிமிர்த்திக்கொண்டு புலி போனான். எல்லோருக்கும் தெரியும்படி கையை ஓங்கி அமுக்கினான்.

பாலம் ஓடியது.

மறுபடியும் அமுக்கினான். கொடியின் அடுத்த வளைவுக்கு அது திரும்பியது. இரண்டு கையாலும் அமுக்கினான். முழங்கையால் அழுத்தினான். பாலம் தன் பாட்டுக்கு ஒரு பூவைத் தொடங்கி, இதழ் இதழாக முடித்து, இன்னொரு பூவுக்குப் போனது. நிற்கவேயில்லை. புலியின் வாயிலிருந்து வந்த சத்தத்தைப் புலியின் சத்தம் என்று எந்தக் காட்டிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கடைசியில் பெட்டிக்காரர்தான் சுவருக்குத் தாவி மெயின் சுவிட்சை இறக்கினார்.

பட்டறை ஓய்ந்தது. டார்ச்சோடு மேடைக்கு அடியில் படுத்த பெட்டிக்காரர் கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார். அவர் முகத்திலும் இப்போது ஈயாடவில்லை.

"பட்டனோட வயரு கரண்டுக்குப் போகல. கம்ப்யூட்டருக்குப் போகுது. நீங்க அமுக்கினா மிஷின் நிக்காது. 'நிக்கலாமா'ன்னு கம்ப்யூட்டர்கிட்ட கேக்கும். அது சும்மா இருந்தா பாத்துட்டு நிறுத்தும். வேலை நிறைய இருந்தா பாக்காது."

"அப்ப இது பட்டன் இல்ல" என்றாள் அண்ணி. "மனு."

ஆமாம், மனுதான். ஆபீசில் ஆள் இருந்தால் வாங்கி வைப்பார்கள். ஆள் பிசியாக இருந்தால் நாளைக்கு வா என்பார்கள். இத்தனை வருஷமும் அண்ணன் அந்த மனுவின் தலையில் கை வைத்துக்கொண்டு, அவளை மேடைக்குள் குனியவிட்டு, 'நான் இருக்கேன், பயப்படாதே' என்று நின்றிருக்கிறார். அண்ணன் தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

புலிக்கு முதலில் வந்தது நிம்மதி. அன்றைக்கு அவன் கை போயிருந்தாலும் ஒன்றும் நின்றிருக்காது. ஒரு சாண் தூரம் குறைந்திருந்தாலும் குறையாவிட்டாலும் கணக்கு ஒன்றுதான். அந்த நிம்மதி ஒரு வாய்த் தண்ணீர் மாதிரி உள்ளே இறங்கியது. இறங்கிய இடத்திலேயே பனிக்கட்டியானது. கணக்கு ஒன்றுதான் என்றால், அண்ணியின் விரல்கள் ஐந்தும் இருப்பதற்கு இந்தப் பட்டறையில் யாரும் காரணமில்லை. அவள் ஒரு ஸ்பானருக்காகத் திரும்பினாள். அது ஒன்றுதான் காரணம்.  பின்வாசல் வழியாகப் போய், கட்டடத்தைச் சுற்றாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.

வந்தபோது அண்ணி பேசிக்கொண்டிருந்தாள். "புதுப் பெட்டியில இந்தப் பட்டன் யார்கிட்டயும் கேக்கக் கூடாது. அமுக்கினா செத்துடணும். அப்படிப் பண்ண முடியுமா?"

"நேரா கரண்டுலயே குடுத்துடலாம்மா."

"அப்ப மாட்டுங்க."

"யோசிச்சுச் சொல்லலாமே..." என்று அண்ணன் இழுத்தார். "முதல் நாள் எந்தப் பக்கம் ஓடும்னே தெரியாதுங்கிறார்..."

"பழசும் எந்தப் பக்கம் ஓடும்னு நமக்குத் தெரியலீங்க. தெரியும்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம்."

எல்லோரும் புலியைப் பார்த்தார்கள். மறுப்புச் சொல்ல வேண்டிய முறை அவனுடையது. அவன் தகரப் பெட்டியின் விலாவை, தான் தினமும் தட்டுகிற இடத்தை, ஒரு தடவை தடவினான். "மாட்டட்டும்" என்றான். பிறகு, ராஜ்யத்தை முழுவதுமாக விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடக் கூடாதே என்று, "எனக்கு எதுவா இருந்தாலும் ஒண்ணுதான்" என்று சேர்த்தான்.

புதுப் பெட்டி வந்தது. வெள்ளையாக, சின்னதாக, சத்தமே இல்லாமல் இருந்தது. சத்தம் இல்லாததுதான் மூன்று பேருக்கும் பிடிக்கவில்லை. பழசு இருமினால் இருக்கிற இடமாவது தெரியும். பெட்டிக்காரர் சொன்னபடியே முதலில் வலது இடதானது, மேல் கீழானது. ஒவ்வொன்றாகச் சரி செய்து, சிவப்புப் பட்டனையும் நேராகக் கரண்டில் கொடுத்துவிட்டு, "இனிமே உங்க பாடு" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கிழட்டுக் கம்ப்யூட்டர் பின்வாசலில் பழைய சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தது.

முதல் கதவை ஓட்டுகிற நாள். அண்ணன் காலையிலிருந்து மிஷின் பக்கமே வரவில்லை. பட்டன்மேல் கை வைத்து வைத்து அவர் சேர்த்திருந்த தைரியமெல்லாம் அந்த மனுவோடு போய்விட்டது. இப்போது முன்வாசலில் நின்று போனில் ரொம்ப முக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தார். போனில் மறுபக்கம் யாரும் இல்லை என்பது தெருவுக்கே தெரிந்தது.

"நான் ஓட்டறேன்" என்று புலி டீ குடிக்கும்போதே அறிவித்திருந்தான். "காத்து, கீத்து எல்லாம் கிடையாது. புது மூளை. நேரா பலகையில இறக்கிடலாம். பயந்தவனுக்குத்தான் மிஷின் எமன்."

அண்ணி பலகையைத் தூக்கி மேடையில் வைத்தாள். வைத்துவிட்டு, கிளாம்ப்புகளை இறுக்க ஸ்பானரோடு மேடைக்குள் குனிந்தாள், அன்றைக்குக் குனிந்த மாதிரியே, பாதி உடம்பு உள்ளே. பாலம் அவள் தலைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தது. வெள்ளைப் பெட்டியின் திரையில் 'தயார்' என்று பச்சையாக நின்றது. அன்றைக்கும் அதே சொல்தான், அதே பச்சைதான்.

புலி எதையும் தொடவில்லை. சிவப்புப் பட்டனிடம் போனான். அமுக்கினான். திரை செத்தது. பாலத்தின் மோட்டார்கள் 'டக்' என்று பிடியை விட்டன. அமுக்கிய கையை எடுக்காமல் அப்படியே நின்றான்.

"என்னாச்சு?" என்று உள்ளிருந்து அண்ணி.

"ஒண்ணுமில்ல அண்ணி. நீங்க இறுக்குங்க. நிதானமா இறுக்குங்க."

அவள் நான்கு மூலையும் இறுக்கிவிட்டு வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். அதற்கப்புறம்தான் அவன் பட்டனை விடுவித்தான். வெள்ளைப் பெட்டி தானாகவே கண் விழித்தது, தட்டாமலே. பாலத்தை அதன் மூலைக்கு அனுப்பி நிறுத்தினான். புரோகிராமைத் திறந்தான். அண்ணன் வாசலில் திரும்பிப் பார்க்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டான். பிறகு, திரையை உடம்பால் மறைத்தபடி, பிட்டை ஒரு சாண் மேலே தூக்கினான்.

மோட்டார் சுற்றியது. பாலம் கிளம்பி வந்தது. பலகையைத் தொடாமல், அதற்கு ஒரு சாண் மேலே, காற்றில் முதல் பூவைத் தொடங்கியது. புலியின் வலது உள்ளங்கை சிவப்புப் பட்டன்மேல் இருந்தது. உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. சட்டையில் துடைக்கக்கூட அவன் அதை எடுக்கவில்லை. அண்ணி பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கேட்கப்போகிற கேள்வி அவனுக்குத் தெரியும். யாருக்குக் கதவு என்று அவனே பல தடவை கேட்டிருக்கிறான். அவள் கேட்கவில்லை. தன் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு, அவனோடு சேர்ந்து பிட்டையே பார்த்தாள்.

பூ, கொடி, ஓரத்து வளைவு. காற்றில் ஒரு கதவு முழுதாக வெட்டி முடிந்தது. பாலம் தன் மூலைக்குப் போய் நின்றது. 'தயார்' என்றது பெட்டி.

புலி பிட்டை இறக்கவில்லை. இன்னொரு தடவை ஓடவிட்டான்.